தஞ்சாவூரில் சீனா

போன கோடை விடுமுறையில் அத்தை பேரனை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் அரண்மனைக்குப் போயிருந்தேன். பையனுக்குப் பத்து வயசு. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரும் கூட வந்திருந்தார். அவருக்கு ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடும் வேலை. மத்தியானத்துக்கு மேல்தான் ஆகும் என்று தெரிந்துவிட்டது. மூன்று மணி நேரத்தை வெயிலில் நின்று கழிப்பதைவிட அரண்மனைக்குள் கழிக்கலாம் என்று புறப்பட்டோம். கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளையெல்லாம் பார்த்துவிட்டு, ஸரஸ்வதி மஹால் நூலகத்தின் சிறிய காட்சிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஓலைச்சுவடி, பழைய தேசப்படம், சித்திரம் எழுதிய ஏடு என்று எவ்வளவோ இருக்கின்றன. ஆனால் பையன் நின்ற இடம் சீனத் தண்டனைப் படங்களுக்கு எதிரில்தான்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இந்தப் படங்கள் புதிதல்ல. நானும் அவன் வயசில் அதே இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பையன்கள் வரிசையாக வந்தால், சுவடிகளுக்கு முன்னால் வேகமாக நகரும் வரிசை இங்கே வந்ததும் முட்டி நிற்கும். கட்டிப்போட்ட மனிதன், அடிபடும் மனிதன், பக்கத்தில் சற்றும் சலனமில்லாத முகத்தோடு தண்டனையை நிறைவேற்றுகிறவன். படங்கள் நன்றாகவும் இருக்கின்றன. அதுதான் சங்கடம்.

பையன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, இவன் என்ன தப்பு பண்ணினான்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரியவர் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியில் வந்து தண்ணீர் குடிக்கும்போது பையன் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். "சீனாக்காரங்க ரொம்ப மோசம், இல்ல மாமா?" என்றான்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

முதலில் ஸர்போஜிக்கு நியாயம் செய்துவிட வேண்டும். 1798 முதல் 1832 வரை பட்டத்தில் இருந்த இரண்டாம் ஸர்போஜிக்கு ராஜ்யம் என்று பெரிதாக ஒன்றும் கையில் இல்லை. ஆளும் வேலையைக் கும்பெனி எடுத்துக்கொண்டுவிட்டது. அவர் புஸ்தகம் சேர்த்தார், படம் சேர்த்தார், வைத்திய சாஸ்திரத்தில் இறங்கினார். உலகத்தில் எங்கே என்ன அச்சானாலும் அது தஞ்சாவூருக்கு வரவேண்டும் என்று நினைத்த மனிதர். அப்படிப்பட்ட ஆசைக்குச் சீனாவும் தப்பவில்லை, ஐரோப்பாவும் தப்பவில்லை. மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய சார்லஸ் லெ ப்ரன் என்ற பிரெஞ்சுச் சித்திரக்காரரின் படங்களும் அதே கூடத்தில் இருக்கின்றன. சேர்த்தவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு வாசகன் தன் அலமாரியில் என்ன வைத்துக்கொள்கிறான் என்பது அவன் சௌகரியம். அலமாரியிலிருந்து எதை எடுத்து ஊர் பார்க்கச் சுவரில் வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. அது ஸர்போஜி செய்த காரியம் அல்ல. பின்னால் வந்த நாம் செய்தது.

இந்தத் தண்டனைப் படங்கள் பிறந்த கதையும் கொஞ்சம் தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் வெளிநாட்டு வியாபாரிகள் சீனாவில் கால் வைக்க முடிந்த துறைமுகம் காண்டன் ஒன்றுதான். வந்த வெள்ளைக்காரர்கள் ஊருக்கு எடுத்துப்போகத் தேயிலை, பட்டு, பீங்கானோடு படமும் வாங்கினார்கள். காண்டன் கடைத்தெருப் படக்காரர்கள் அவர்களுக்கென்றே எழுதினார்கள். தொழில் செய்கிறவர்கள், உடைகள், படகுகள், பூக்கள், தண்டனைகள் என்று கட்டுக் கட்டாக விற்றார்கள். 1801ல் ஜார்ஜ் ஹென்றி மேஸன் என்ற ராணுவ மேஜர் லண்டனில் வெளியிட்ட சீனத் தண்டனைகளைப் பற்றிய புஸ்தகத்தில் இப்படிப்பட்ட 22 படங்கள் இருக்கின்றன. அதே மேஸன் சீனர்களின் உடைகளையும் தொழில்களையும் பற்றியும் ஒரு படப் புஸ்தகம் போட்டார். செருப்புத் தைக்கிறவர், பழம் விற்கிறவர், மீன் பிடிக்கிறவர் எல்லாரும் அதில் வருவார்கள். ஆனால் ஜனங்களுக்கு ஞாபகம் இருப்பது முதல் புஸ்தகம்தான். செருப்புத் தைக்கிறவனை யார் நின்று பார்க்கப்போகிறார்கள்?

ஆக, சீனாவைப் பற்றித் தஞ்சாவூர்ச் சுவர் சொல்லுகிற விஷயம், வெள்ளைக்கார வாடிக்கைக்காரன் விரும்பிக் கேட்டு, காண்டன் கடைக்காரன் எழுதிக் கொடுத்தது. பொய் என்று சொல்ல முடியாது. அந்தத் தண்டனைகள் இருந்தன. ஆனால் ஒரு வீட்டைப் பற்றி விசாரிக்க வந்தவனிடம் அந்த வீட்டில் என்றைக்கோ நடந்த ஒரு சண்டையை மட்டும் சொல்லி அனுப்பினால், சொன்னது நிஜம் என்பதால் அது நியாயமாகிவிடுமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், தஞ்சாவூர்ச் சீமை சீனாவைத் தெரிந்துகொள்ள மேஸனும் வேண்டாம், காண்டன் படமும் வேண்டாம். மண்ணைத் தோண்டினால் போதும். மன்னார்குடி தாலுகா தளிக்கோட்டையிலும், பட்டுக்கோட்டை தாலுகா விக்ரமத்திலும் ஒலயக்குன்னத்திலும் சீனக் காசுகள் புதையலாக அகப்பட்டிருக்கின்றன. ஒன்று இரண்டு அல்ல. தளிக்கோட்டையில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். பெரும்பாலும் ஸுங் வம்சத்து ராஜாக்கள் காலத்தவை. நடுவில் சதுர ஓட்டை உள்ள சின்னச் செம்புக் காசு. புதையல் என்றால் சர்க்கார் சொத்து. காசுகள் ஊரைவிட்டுப் போய்விட்டன. ஊரில் மிஞ்சியது பேச்சு மட்டும்.

அந்தச் சதுர ஓட்டை ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? கயிற்றில் கோக்க என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். கோக்க வட்ட ஓட்டையே போதும். நம் பக்கத்துக் காசு தட்டை உலோகத்தில் முத்திரை அடித்துச் செய்தது. சீனக் காசு வார்ப்பு. உருக்கின செம்பை அச்சில் ஊற்றினால், மரத்தில் காய்த்த மாதிரி காசுகள் ஒரு தண்டில் ஒட்டிக்கொண்டு வரும். உடைத்து எடுத்தால் விளிம்பில் பிசிறு நிற்கும். ஒவ்வொரு காசாக அராவிக்கொண்டிருந்தால் ராஜ்யம் நடக்காது. ஆகவே ஒரு சதுரக் கம்பியில் நூற்றுக்கணக்காகக் கோத்து மொத்தமாக அராவினார்கள். வட்ட ஓட்டையாக இருந்தால் காசு கம்பியில் சுற்றிக்கொண்டே இருக்கும், அரம் பிடிக்காது. சதுரத்தில் அசையாது. எங்கள் தெருக் கொல்லரிடம் இதைச் சொன்னபோது, மனிதர் துருத்தியை விட்டுவிட்டு எழுந்து வந்து, விரலால் மண்ணில் சதுரம் போட்டுப் பார்த்தார். பத்து வயசுப் பையனும் அப்படித்தான் பார்ப்பான் என்பது என் நம்பிக்கை. தண்டனைப் படத்தில் நின்ற கால் இதிலும் நிற்கும். எடுத்துச் சொல்ல ஒரு சீட்டு வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. இந்தச் சீனக் காசுக்கு இங்கிலீஷில் 'காஷ்' என்று பெயர். அது நம்முடைய காசுதான். போர்ச்சுகீஸ்காரன் நாக்கில் புரண்டு, இங்கிலீஷ்காரன் நாக்கில் ஏறி, சீனாவின் செம்புக் காசுக்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயராகிவிட்டது. பட்டுக்கோட்டைத் தாலுகாவில் சீனக் காசு கிடைத்தது அதிசயம் என்றால், அந்தக் காசு தமிழ்ப் பெயரோடு உலகத்தைச் சுற்றியது அதைவிட அதிசயம்.

இவ்வளவு காசு எப்படி வந்தது? ராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு 1015ல் ஸுங் சக்கரவர்த்தியின் சபையை அடைந்தது. மூன்று வருஷத்துக்கு மேல் பிரயாணம். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அனுப்பிய மன்னன் உயிரோடு இல்லை, 1014லேயே காலமாகிவிட்டான். முத்தும் யானைத் தந்தமும் வாசனைப் பொருளும் கொண்டுபோய், மன்னன் இறந்தது தெரியாமல் அவன் பேரால் கும்பிட்டு நின்றவர்களை நினைத்தால், ஒரு நாவலுக்குரிய விஷயம் என்று தோன்றுகிறது. பிறகு 1033ல் ராஜேந்திரன் காலத்தில் ஒரு குழு. 1077ல், குலோத்துங்கன் காலத்தில், 72 பேர் போனார்கள். அவர்களுக்கு ஸுங் சர்க்கார் கொடுத்தது 81,800 சரம் செம்புக் காசு. ஒரு சரத்துக்குப் பெயரளவில் ஆயிரம் காசு. கணக்கைப் போட்டுப் பாருங்கள். எட்டுக் கோடிக்கு மேல் வருகிறது. காணிக்கை கொண்டுபோனவன் வெறுங்கையோடு திரும்பவில்லை. 'தூது' என்பது பெயர், நடந்தது வியாபாரம்.

1015ல் அந்தத் தூதரைப் பார்த்த சக்கரவர்த்தி ஜென்ஸொங். அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1012ல், அவன் செய்த காரியம் ஒன்று எனக்கு எல்லாப் பட்டுப் பீங்கானையும்விடப் பெரிதாகப் படுகிறது. யாங்ட்ஸி, ஹுவாய் நதிப் பக்கங்களில் வறட்சி. தென்கோடியில் பூஜ்யன் மாகாணத்தில், சம்பா தேசத்திலிருந்து வந்த ஒரு நெல் விளைந்துகொண்டிருந்தது. சம்பா என்றால் நம் சம்பா இல்லை; இன்றைய வியட்நாமின் நடுப் பகுதியில் இருந்த ராஜ்யம். அந்த நெல் சீக்கிரம் விளையும், தண்ணீர் குறைந்தாலும் தாங்கும். அதில் முப்பதாயிரம் ஹு அளவு விதை எடுத்து வடக்கே அனுப்பச் சொன்னான். விதை மட்டும் போதாது என்று, எப்படி நாற்று விட வேண்டும், எப்பொழுது நட வேண்டும் என்று எழுதி அங்கங்கே ஒட்டவும் செய்தான். குறுவையும் தாளடியும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. சீக்கிரம் விளைகிற நெல் என்றால் ஒரு வயலில் இரண்டு போகம். இரண்டு போகம் என்றால் இன்னொரு குழந்தை பிழைக்கும். அந்த நாட்டில் அதற்குப் பின் ஜனத்தொகை பெருகியதற்கு இந்த விதையும் ஒரு காரணம் என்று சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். ராஜராஜனின் ஆள் அந்தச் சபையில் நின்றபோது வெளியே வயல்களில் அந்த நெல் நின்றுகொண்டிருந்தது. தஞ்சாவூரில் சீனாவைப் பற்றி ஒரே ஒரு படம்தான் வைக்கலாம் என்றால், நான் அதைத்தான் எழுதச் சொல்வேன்.

நாகப்பட்டினத்துக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே ஒரு செங்கல் கோபுரம் இருந்தது. கப்பல்காரர்கள் கரையை அடையாளம் கண்டுகொள்ள அதைப் பார்த்துத்தான் வருவார்கள். ஊரார் புதுவெளிக் கோபுரம் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் சீனக் கோபுரம் என்பார்கள். ஸர் வால்டர் எலியட் 1846ல் அதை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அதற்கு ஐந்நூறு வருஷம் முன்னால், 14ஆம் நூற்றாண்டில், வாங் தாயுவான் என்ற சீனப் பிரயாணி இந்தக் கரையில் ஒரு கோபுரத்தைப் பற்றியும், அதில் 1267ஆம் வருஷத்தைக் குறிக்கும் சீன எழுத்து வெட்டியிருந்ததைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் கோபுரமும் எலியட் பார்த்த கோபுரமும் ஒன்றுதானா என்பது பண்டிதர்களின் வழக்கு; அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். 1867ல் வழக்குப் பொருளே இல்லாமல் போய்விட்டது. கோபுரம் நின்ற இடம் ஜெஸூட் பாதிரிமார் வசம் இருந்தது. இடித்துக்கொள்ள மதராஸ் சர்க்கார் உத்தரவு கொடுத்தது. இடித்தார்கள். அந்தப் பக்கத்து மண்ணில் 1856 முதல் 1930களுக்குள் சுமார் முந்நூற்றைம்பது பௌத்தச் செப்புத் திருமேனிகள் அகப்பட்டன. எழும்பூர் மியூஸியத்தில் பல இருக்கின்றன. கோபுரத்தை மியூஸியத்தில் கொண்டு வைக்க முடியாது; ஆகவே அது போய்விட்டது.

எழும்பூர் மியூஸியம் என்றதும் இன்னொரு விஷயம் ஞாபகம் வருகிறது. 1885 முதல் 1908 வரை அதற்கு அதிகாரியாக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மலாய்ப் பக்கத்துச் சிறைகளிலிருந்து சீனக் கைதிகளைக் கொண்டுவந்து நீலகிரியில் சின்கோனாத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். தண்டனை முடிந்தவர்களில் சிலர் நடுவட்டத்துப் பக்கமே தங்கி, தமிழ்ப் பெண்களைக் கட்டிக்கொண்டு, காய்கறி போட்டுப் பிழைத்தார்கள். தர்ஸ்டன் அங்கே போய் அவர்களையும் பிள்ளைகளையும் அளந்து குறித்துக்கொண்டார். தலை இவ்வளவு, மூக்கு இவ்வளவு என்று. நமக்கும் சீனனுக்கும் நேர்ந்த கல்யாணம் ஒன்றைப் பற்றி மியூஸியம் தெரிந்துகொண்டது மூக்கின் நீளம். அந்த வீட்டில் என்ன பாஷை பேசினார்கள், என்ன சமைத்தார்கள் என்று கேட்டு எழுதியிருந்தால், இன்று எனக்குப் பெரிய உபகாரமாக இருந்திருக்கும்.

எதிர்ப்பக்கம் எப்படி? சீனாவின் தென்கரையில் சுவான்ஜௌ என்று ஒரு துறைமுகம். மார்க்கோ போலோ ஸைத்தூன் என்பது இதைத்தான். அங்கே 1959ல் ஏற்படுத்திய கடல் வாணிப மியூஸியம் ஒன்று உண்டு. நான் போனதில்லை, படங்களிலும் புஸ்தகங்களிலும் பார்த்ததுதான். அந்த ஊரில் நம் வியாபாரிகள் ஒரு சிவன் கோயில் கட்டியிருந்தார்கள். 1281ல் சம்பந்தப் பெருமாள் என்பவர் திருக்கதலீச்சரத்தில் ஸ்வாமியை எழுந்தருளச் செய்த செய்தியைத் தமிழில் வெட்டி, கடைசியில் ஒரு வரி சீனத்திலும் வெட்டி வைத்திருக்கிறார். யாருடைய க்ஷேமத்துக்கு? குப்ளாய்கானுடைய க்ஷேமத்துக்கு. மங்கோலிய ராஜாவின் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று சீன தேசத்தில் ஒரு தமிழ்ச் சைவர் வேண்டிக்கொள்கிறார்! வியாபாரிக்கு ராஜாவின் உடம்பு எவ்வளவு முக்கியம் என்று கடைத்தெருவில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். கோயில் பிற்காலத்தில் இடிந்து, கல் எல்லாம் மதிலுக்கும் வேறு கட்டடத்துக்கும் போய்விட்டது. அகப்பட்டதைச் சேர்த்து அந்த மியூஸியத்தில் வைத்திருக்கிறார்கள். யானை லிங்கத்துக்குப் பூச் சாத்தும் சிற்பம் ஒன்று. திருவானைக்காவல் கதையைத் தெரிந்தவன் அதன் எதிரில் நின்றால் சீனாவில் இருப்பதை மறந்துவிடுவான்.

கப்பல் ஒன்றும் உண்டு. 1974ல் சுவான்ஜௌக் குடாவின் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தது. தெற்கு ஸுங் முடிகிற காலம். எஞ்சியது இருபத்து நான்கு மீட்டர் நீளம். உள்ளே பன்னிரண்டு குறுக்குச் சுவர், பதின்மூன்று அறை. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் அடுத்த அறைக்குப் போகாது. மிளகும் வாசனைக் கட்டையும் குங்கிலியமும் சோழியும் உள்ளே இருந்தன. நாகையிலும் காரைக்காலிலும் கடலுக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய பொருள்.

சீன மியூஸியங்கள் எல்லாம் தர்மதேவதை குடியிருக்கும் இடம் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் பழைய குறிப்புகளில் சோழன் 'கப்பம் கட்ட வந்தவன்'. ராஜராஜன் எழுதியதாக அவர்கள் சரித்திரத்தில் ஒரு கடிதம் இருக்கிறது. அதில் சோழ மன்னன் குழைந்து குழைந்து பேசுகிறான். ஈழத்தை வென்று பெரிய கோயில் கட்டியவன் அப்படிப் பேசியிருப்பானா? மொழிபெயர்த்தவன் கைவேலை என்றே எனக்குப் படுகிறது. கொழும்பு மியூஸியத்தில் ஒரு கல் இருக்கிறது. நான் நேரில் பார்த்தேன். செங் ஹோ என்ற சீனக் கடற்படைத் தலைவர் 1409ஆம் வருஷத் தேதியிட்டு, சீனாவிலேயே வெட்டிக் கொண்டுவந்து இலங்கையில் நட்டது. 1911ல் காலியில், சாக்கடைப் பாலத்து மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டுபிடித்தார்கள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று மூன்று ஸ்வாமிக்கும் ஏறக்குறைய ஒரே ஜாபிதா. எவ்வளவு பெரிய மனசு என்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். இரண்டு வருஷத்துக்குள் அதே செங் ஹோ இலங்கையில் சண்டை போட்டு, அங்கே ஆண்டவனைச் சிறைப்பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். கல் அதைச் சொல்லாது. இருந்தாலும், மூன்று பாஷை தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு கல்லை எழுதினார்கள் என்பதை அந்தக் கல் சொல்லுகிறது. தண்டனைப் படம் அதைக்கூடச் சொல்லவில்லை.

மியூஸியத்துக்கு வெளியிலும் சீனா இருக்கிறது. எங்கள் வயலில் இருக்கிறது. 1966ல் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்ற நெல்லை வெளியிட்டது. தஞ்சாவூர்ச் சீமையில் அது வந்து சேர்ந்தபோது நடந்த விவாதங்களை என் தகப்பனார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சோறு ருசியில்லை, வைக்கோல் குட்டை, மாட்டுக்குப் போதாது. ஆனால் கண்டுமுதல்! உரம் போட்டால் நம் பழைய நெல் உயர்ந்து வளர்ந்து கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். இது குட்டையாக நின்று பாரத்தைத் தாங்கியது. அந்தக் குட்டைத்தனம் எங்கிருந்து வந்தது? டீ-ஜியோ-ஊ-ஜென் என்ற தைவான் நெல்லிலிருந்து. பீட்டா என்ற இந்தோனேஷிய நெல்லோடு அதை ஒட்டுச் சேர்த்துப் பிறந்ததுதான் ஐ.ஆர்.8. அந்தச் சீனப் பெயருக்கு 'குட்டைக்கால் கருமூக்கு' என்று அர்த்தம் சொல்லலாம். எந்தக் குடியானவனோ வரப்பில் நின்று வைத்த பெயர். நம் ஊரில் வைத்திருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் நடக்கிறது. இன்று குறுவையில் நடும் குட்டை ரகங்கள் பலவற்றின் உடம்பில் அந்தக் கருமூக்கின் ரத்தம் ஓடுகிறது. பிரம்படி வாங்கும் சீனனைச் சுவரில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, சீனன் கொடுத்த நெல்லைச் சாப்பிடுகிறோம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் மனசில் ஒரு உறுத்தல் மிச்சம் இருந்தது. அதைப் பெரியவர்தான் தொட்டார்.

அன்று சாயங்காலம் ஊர் திரும்பியதும் பையன் மறுபடியும் படம் பார்க்க வேண்டும் என்றான். மேஸன் புஸ்தகத்தின் மறுபதிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. திண்ணையில் விரித்து வைத்தேன். பெரியவரும் வந்து குனிந்து பார்த்தார். பத்தாவது படமோ என்னமோ, ஒரு பெண்ணின் விரல்களுக்கு நடுவில் சின்னச் சின்னக் கட்டைகளைச் செருகி, கயிற்றால் இறுக்கி இழுக்கிறார்கள்.

"இது கிட்டியில்ல, தம்பி?" என்றார் பெரியவர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். கண்ணால பாத்ததில்ல."

கிட்டிதான். 1854ல் மதராஸ் மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்கக் கும்பெனி சர்க்காரே ஒரு கமிஷன் வைத்தது. கமிஷன் நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது. நிலவரி கட்டாத குடியானவனைக் கட்ட வைப்பதற்குக் கீழ் உத்தியோகஸ்தர்கள் கையாண்ட முறைகளில் கிட்டி பிரதானம். ஆளைக் கூனவைத்துத் தலையையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது இன்னொன்று. சீனாவில் தண்டனைகள் எப்படி இருக்கின்றன என்று மேஸன் லண்டன் கனவான்களுக்குக் காட்டியபோது, அவர் ஊர்க்காரர்கள் ஆண்ட மண்ணில், அவர்கள் கஜானாவை நிரப்ப, அதே கட்டை அதே விரலில் இறுகிக்கொண்டிருந்தது. அதை எழுத ஒரு காண்டன் படக்காரன் இங்கே இல்லை. வாங்கவும் ஆள் இல்லை.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. பெரியவரின் தகப்பனார் பண்ணையாள். சவுக்கடி என்ன, சாணிப்பால் என்ன என்று அவருக்கு நான் சொல்ல வேண்டாம். வேலைக்கு நேரம் கழித்து வந்தவனுக்கு அடி. சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. 1944ல் மன்னார்குடிப் பக்கத்தில் மிராசுதார்களும் விவசாயச் சங்கத்தாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில்தான் இவை இனிக் கூடாது என்று காகிதத்தில் ஏறியது. காகிதத்தில் ஏற வேண்டியிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கும் இருபத்து நாலு வருஷம் கழித்து, 1968 டிஸம்பர் 25ஆம் தேதி ராத்திரி, கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வெந்து செத்தார்கள். அங்கே நினைவிடம் இருக்கிறது. ஆனால் தஞ்சாவூருக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவன் பார்க்கும் தண்டனை சீனாக்காரன் தண்டனைதான்.

2023-24 நிதிநிலை அறிக்கையில் தஞ்சாவூரில் பெரிய சோழர் அருங்காட்சியகம் ஒன்று அமைக்கப்படும் என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். சீனக் காசு அதில் வர வேண்டும். மாளிகைமேட்டில் தோண்டி எடுத்த சீனப் பீங்கான் ஓடுகள் வர வேண்டும். சுவான்ஜௌக் கல்வெட்டுக்கு ஒரு பிரதி வர வேண்டும். ஆடுதுறையிலிருந்து ஒரு பிடி நாற்றுக் கொண்டுவந்து தொட்டியில் நட்டால் தடுக்கப்போவது யார்? ஸர்போஜியின் படங்களை எடுத்துவிடச் சொல்லவில்லை. இருக்கட்டும். ஒரு கிட்டியையும் பக்கத்தில் வைத்துவிட்டு இருக்கட்டும். கட்டை இரண்டும் கயிறும்தானே, பழங்காலத்துப் பொருள் அகப்படாவிட்டால் எங்கள் ஊர்த் தச்சர் அரை மணியில் செய்துகொடுப்பார்.

பெரியவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நம்ம பக்கத்துல இத யாரும் படம் போடலியா?" என்று கேட்டார்.

"நான் பார்த்ததில்லை" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பையன் அதற்குள் வேறு பக்கத்தைத் திருப்பிவிட்டான். ஒருவனை மண்டியிடச் செய்து, முழங்காலுக்குப் பின்புறம் ஒரு மூங்கிலை வைத்து, அதன்மேல் இரண்டு பக்கமும் ஏறி மிதிக்கிறார்கள்.

"மாமா, இவன் என்ன தப்பு பண்ணினான்?"

இதற்குப் பதில் தெரிந்திருந்தது. மேஸனே எழுதியிருக்கிறார். அவன் துபாஷி.

"ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்டே வேணும்னே மாத்திச் சொல்லிட்டான்" என்றேன்.

"அவ்வளவுதானா?" என்றான் பையன், அடுத்த படத்தைத் திருப்பிக்கொண்டே.